லவோன் மனப்பாடம் செய்த மூன்று வரி

ஹார்ட்வேர் கடைக்குத் துப்பாக்கி வாங்கப் போகிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் புத்தி சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. ஆணி வாங்க வந்தவன், மாட்டுத் தீவனம் ஏற்ற வந்தவன், சும்மா அடுப்போரம் குளிர்காய வந்தவன் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிடுவார்கள். நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை லவோன் டாக்கெட் போனபோதும் அப்படித்தான் நாலு பேர் கூடினார்கள்.

லவோனுக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் கரண்டி பிடித்தவள். அன்று அங்கே நின்ற நாலு பேருக்குமே சின்ன வயதில் தட்டில் உருளைக்கிழங்கு மசியல் போட்டிருக்கிறாள். அந்த நன்றியெல்லாம் துப்பாக்கி விஷயத்தில் எடுபடாது. சமையல்காரிக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைக்காரன் எல்வின் முதலில் ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து வைத்தான். "இத எடுத்துக்க லவோன். தலகாணிக்கு அடியில வெச்சுக்கலாம். பொம்பளைங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க."

"எனக்கு மூட்டுவலி எல்வின். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவே பக்கத்து வீட்டுக்குப் போறேன். இதப் புடிச்சு நான் யாரக் குறி பாக்க?"

"அப்போ ஷாட்கன்தான் சரி," என்றான் அடுப்போரம் இருந்தவன். "பன்னெண்டு கேஜ் வாங்கிக்க. வர்றவனக் கதவோட சேத்துத் தூக்கிடும்."

"கதவு எனக்கு வேணுமேப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே தீவனக்காரன் வாயைக் கொடுத்தான். "உன் வீட்டுக்காரர் ஓரின் வெச்சிருந்தாரே, வாத்து சுடறதுக்கு ஒரு நீளத் துப்பாக்கி. அது என்ன ஆச்சு?"

அது என்ன ஆனது என்று கேட்டவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். செத்துப்போன அப்பனின் துப்பாக்கியை மகன் எடுத்துக்கொண்டு போய் அடுத்த கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், விற்றது எங்கள் பக்கம் ஒளித்து வைக்கிற சமாசாரமா என்ன? லவோன் மட்டும் முகம் மாறாமல், "அது நீளம் ஜாஸ்தி. எனக்கு ஒத்து வராது," என்றாள்.

எல்வின் அதற்குப் பிறகு ஒழுங்காக வேலையைப் பார்த்தான். துப்பாக்கியின் அடிக்கட்டையை அவள் முழங்கை மடிப்பில் வைத்து, விரல் நுனி விசையைத் தொடுகிறதா என்று பார்த்தான். இரண்டு துப்பாக்கியில் விரல் எட்டவில்லை. ஒன்று எட்டினாலும் பிடித்து நிற்க முடியாத கனம். கடைசியில் அடிக்கட்டை குட்டையான, கனமும் குறைந்த இருபது கேஜ் ஒன்று பொருந்தியது. குழலுக்குக் கீழே இருக்கும் பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டா ஏறும். எல்வின் ஒருமுறை இழுத்துத் தள்ளிக் காட்டினான். கரக், சடக் என்று கடை முழுக்கக் கேட்டது.

"இந்தச் சத்தம் ஒண்ணு போதும்," என்றான் அடுப்போரத்து ஆள். "சுடவே வேணாம். வந்தவன் ரெண்டு கவுண்டி தாண்டித்தான் மூச்சு விடுவான்."

எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் நம்புகிற விஷயம் இது. அவர்களில் ஒருத்தனாவது சோதித்துப் பார்த்திருக்கிறானா என்று கேட்டால் பதில் வராது. ஆனால் லவோன் அந்தச் சத்தத்துக்காகத்தான் அந்தத் துப்பாக்கியை வாங்கினாள். சுட வேண்டியதில்லை, சத்தம் போட்டால் போதும் என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவள் அன்று கடைக்கே போயிருந்தாள் என்று நான் சொல்வேன். ஏனென்றால் அவள் பயந்தது தன் மகனைப் பார்த்து.

வெஸ்லி அவளுக்கு ஒரே பிள்ளை. முப்பத்தாறு வயது. கூரை வேலைக்குப் போய் விழுந்து இடுப்பு எலும்பு நொறுங்கி, வலிக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தான். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. அப்புறம் மாத்திரையைவிட மலிவானது கிடைத்தது. எங்கள் மிசௌரி மலைப்பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கதை இப்படி இருக்கிறது. எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருப்பதால் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

அக்டோபரில் அவன் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். கழுத்தில் பச்சை குத்திய ஆள். லவோன் துப்பாக்கி இருந்த அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். அந்த ஆள் அவளைப் பிடித்துத் தள்ளினான். கீழே விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. வெஸ்லி பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அப்பாவின் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மணிக்கட்டு வலியை அவள் பொறுத்துக்கொண்டாள். அவன் நின்ற நிற்பைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஆள் திரும்பி வரக்கூடாது. வெஸ்லி திரும்பி வரவேண்டும். இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் நடக்க வேண்டும். லவோனின் குளிர்காலம் முழுக்க இந்த ஒரு கவலைதான்.

துணை ஷெரிஃப் ராய்ஸ் புரூயிட் சனிக்கிழமை காலைகளில் ஆற்றோரக் கல்குழியில் பெண்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துவந்தார். ராய்ஸும் வெஸ்லியும் ஒரே வகுப்பு, ஒரே கால்பந்து அணி. லவோன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி ராத்திரி வரை அரட்டை அடித்த பிள்ளைதான். இப்போது பழுப்புச் சட்டை, பெல்ட்டுக்கு மேல் கொஞ்சம் தொப்பை. அவளோடு சமையலறையில் வேலை பார்க்கும் வில்மாவும் துணைக்கு வந்தாள். வில்மாவுக்குத் திருடன் பயமெல்லாம் கிடையாது. அவள் வீட்டில் இருக்கிற புருஷனைப் பார்த்தால் திருடனே இரக்கப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுப் போவான் என்று அவளே சொல்வாள்.

முதல் நாள் ராய்ஸ் ஆறு பெண்களையும் வரிசையாக நிறுத்தினார். "துப்பாக்கிய அப்புறம் தொடலாம். மொதல்ல சொல்லுங்க, உங்க கதவ உடைச்சிட்டு வர்றது யாருன்னு நெனைக்கறீங்க? முகம் தெரியணும். முகம் தெரியாம குறி வைக்க முடியாது."

ஒருத்தி போதைக்காரன் என்றாள். ஒருத்தி தன்னை விட்டுப் போன புருஷன் என்றாள். லவோனின் முறை வந்தது.

"திருடன்," என்றாள்.

ராய்ஸ் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். கட்டு அவிழ்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "சரிங்க மிஸ் லவோன்," என்று அடுத்தவளிடம் போனார்.

தீவனச் சாக்கில் காகிதம் ஒட்டிச் சுட்டார்கள். முதல் வெடியில் தோள் பின்னால் போனது. நாலு நாள் கறுத்துக் கிடந்தது. மூன்றாவது சனிக்கிழமைக்குள் பதினைந்து அடியில் காகிதத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. ஆறு பேரில் அவள்தான் சுத்தமாகச் சுட்டாள். ஐந்நூறு தட்டுக்கு ஒரே அளவாகக் குழம்பு ஊற்றிய கை அது, பதறாது. வீட்டில் வெற்றுத் தோட்டா போட்டுப் பழகச் சொல்லியிருந்தார் ராய்ஸ். காலையில் பாத்திரம் கழுவி முடித்ததும் பத்து முறை கரக், சடக்.

சுடுவது சுலபமாக வந்தது. கத்துவதுதான் வரவில்லை.

"வீட்டுக்குள்ள தேடிக்கிட்டுப் போகக் கூடாது," என்பது ராய்ஸின் பாடம். "படுக்கையறையில கட்டிலுக்குப் பின்னால உக்காரணும். ஃபோன் போடணும். துப்பாக்கியக் கதவுப் பக்கம் நீட்டிக்கிட்டு மூணே மூணு வரி கத்தணும். கையில துப்பாக்கி இருக்கு. ஷெரிஃபுக்குச் சொல்லியாச்சு. திரும்பிப் போயிடு. அவ்வளவுதான். எங்க, நீங்க சொல்லுங்க மிஸ் லவோன்."

லவோன் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா கண்ணுன்னு கேக்கற மாதிரி இருக்குடி," என்றாள் வில்மா. "திருடன் தட்டத் தூக்கிட்டு வந்துடுவான்."

கல்குழியே சிரித்தது. ராய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "கேளுங்க. வந்தவன் பதில் பேசுவான். தண்ணி கேப்பான், அழுவான், கார் கவுந்துடுச்சும்பான், உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுவான். தபால் பெட்டியில பேர் இருக்கு, யாருக்கும் தெரியும். நீங்க பதில் சொல்லக் கூடாது. அந்த மூணையே திரும்பச் சொல்லணும். பேச்சுக் கொடுத்தீங்கன்னா முடிஞ்சுது. கதவத் திறந்துடுவீங்க."

"என்ன சொன்னாலுமா?" என்று கேட்டாள் லவோன்.

"என்ன சொன்னாலும்."

அவள் கெட்டிக்காரி, சொன்னதைச் செய்கிறவள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது மூன்று வரியையும் சொன்னாள். கோழிக்குத் தீனி போடும்போது சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகள் தலை தூக்கிப் பார்க்கிற அளவுக்குக் குரல் ஏறியது. கிறிஸ்துமஸுக்குள் அந்த வரிகள் யோசனையில்லாமல் வர ஆரம்பித்தன. வில்மாகூட, "இப்போ எனக்கே ஓடிப் போகணும்னு இருக்கு," என்றாள்.

ராய்ஸ் ஒருநாள் வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தார். எங்கள் பக்கம் முன்கதவு போதகருக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும்தான். சொந்தக்காரர்கள் யாரும் அந்த வழியாக வருவதில்லை. கொல்லைப்பக்கம் வந்து, சேற்று பூட்ஸைக் கழற்றிவிட்டு, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவார்கள். லவோன் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு நாற்பது வருஷமாகப் பூட்டே கிடையாது. அவள் முன்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதைப் பெருமையாகக் காட்டினாள்.

ராய்ஸ் சமையலறைக் கதவை ஒரு விரலால் தள்ளினார். அது திறந்துகொண்டது.

"அது வீட்டாளுங்க வர்ற கதவுப்பா," என்றாள்.

அவர் வண்டியிலிருந்து ஒரு பூட்டை எடுத்து வந்து மாட்டினார். போகும்போது அவள் கொடுத்த ஆப்பிள் கேக் துண்டை நின்றபடியே சாப்பிட்டார். "வெஸ் எங்கன்னு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். நிஜமாகவே தெரியாது.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. லவோனுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது, வாசலில் காணோம். காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள் என்று யாருமே நினைத்திருக்க முடியாது.

சமையலறைக் கதவு ஆடும் சத்தத்தில் விழித்துக்கொண்டாள். யாரோ தள்ளினார்கள். நிறுத்தினார்கள். மறுபடி தள்ளினார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் துணி துவைக்கும் அறையில், மேலே தூக்கித் திறக்கிற ஜன்னல் ஏறும் சத்தம் கேட்டது. அந்த ஜன்னல் கொக்கி உடைந்தது என்று தெரிந்தவர்கள் அவளைத் தவிர உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் இறந்துவிட்டார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கட்டிலுக்குப் பின்னால் இறங்கினாள். ஃபோன் போட்டாள். துப்பாக்கியை எடுத்தாள். கூட அந்த ஆளும் வந்திருந்தால்? மணிக்கட்டு தானாக வலித்தது. அறைக்கு வெளியே நடையில் தரைப்பலகை முனகியது. ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று கேட்டுப் பார்த்தாள். காது அடைத்திருந்தது, ஒன்றும் புரியவில்லை. பிடியை இழுத்துத் தள்ளினாள். கரக், சடக்.

காலடி நின்றது. யாரும் ஓடவில்லை. ஹார்ட்வேர் கடையில் சொன்னது பொய்யாகிவிட்டது.

"கையில துப்பாக்கி இருக்கு. ஷெரிஃபுக்குச் சொல்லியாச்சு. திரும்பிப் போயிடு."

"அம்மா?" என்றது கதவுக்கு வெளியே. "நீ வீட்லயா இருக்க? நான்தான்மா. வெஸ்."

அந்தக் குரலை அவள் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வாள். தெளிவாக இருந்தது. குழறவில்லை. ஒரு வருஷமாக அவன் அவளிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. அவனுக்குப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கையில துப்பாக்கி இருக்கு. ஷெரிஃபுக்குச் சொல்லியாச்சு. திரும்பிப் போயிடு."

"அம்மா, கதவு பூட்டியிருந்துச்சு. நான் தட்டினேன். சத்தியமா தட்டினேன்மா."

தட்டினானோ என்னவோ. காய்ச்சல் தூக்கத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்து துப்பாக்கிக் கட்டையில் சொட்டியது. அழுதுகொண்டே, கல்குழியில் பழகிய அதே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் மூன்றாவது முறையும் சொன்னாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. "சரிம்மா," என்றான். "போறேன். சுட்டுடாத."

வந்த ஜன்னல் வழியாகவே போனான்.

ராய்ஸ் வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. வீட்டில் எதுவும் களவு போகவில்லை. அலமாரி மூடியபடியே இருந்தது. துவைக்கும் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும், சேறு ஒட்டிக்கொண்டு, அருகருகே கழற்றி வைத்திருந்தது. அதை மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல் காலுறையோடு உறைபனியில் நடந்து போயிருக்கிறான்.

லவோன் அதைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பூட்ஸக் கழட்டியிருக்கான் ராய்ஸ். சேறு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு கழட்டியிருக்கான். திருட வந்தவன் கழட்டுவானா?"

ராய்ஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "திருட வர்றவனும் கழட்டுவான் மிஸ் லவோன். காலடிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

ஆற்றுப் பாலம் வரை இரண்டு துணை ஷெரிஃபுகள் தேடிப் போனார்கள். யாரோ லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். ராய்ஸ் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். அவள் அந்த மூன்று வரியையும், அதை எத்தனை முறை சொன்னாள் என்பதையும், அவன் கடைசியாகச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். 'வீட்டுக்காரப் பெண்மணி பயிற்சியில் கூறியபடியே நடந்துகொண்டார்' என்று எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். ஊரும் அதையே சொன்னது. ஹார்ட்வேர் கடையில் அவளுக்கு நடுவில் நாற்காலி போட்டார்கள். "பெத்த புள்ளையா இருந்தாலும் அசையலயே, அதாம்மா தைரியம்," என்றான் அடுப்போரத்து ஆள். அவள் கோழித் தீவனம் வாங்காமலே திரும்பி வந்தாள்.

பதினோராம் நாள், நூறு மைல் தள்ளி, நெடுஞ்சாலை மோட்டல் ஒன்றில் வெஸ்லி இறந்து கிடந்தான். கையில் ஊசி. பையில் ஒரு போதைச் சிகிச்சை இல்லத்தின் அட்டை இருந்தது. அதிலிருந்த தேதிப்படி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் முப்பத்தெட்டு நாள் அங்கே தங்கியிருக்கிறான். லவோன் ஃபோன் செய்தாள். உடம்பு தேறி, சொல்லிக்கொண்டு கிளம்பினானா, தாங்க முடியாமல் ஓடி வந்தானா என்று கேட்டாள். அதையெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது என்று எடுத்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது. இனிமேலும் கிடைக்காது.

அடக்கத்துக்கு முந்தின நாள் போதகர் ஹாலிஸ் வந்தார். முன்கதவு வழியாகத்தான். ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆன சின்ன வயதுக்காரர். வெஸ்லியைப் பார்த்ததே இல்லை. பிரசங்கத்தில் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று குறிப்புப் புத்தகத்தோடு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். பக்கத்தில் வில்மா இருந்தாள். எந்தப் பள்ளிக்கூடம், என்ன வேலை, மீன் பிடிக்கப் பிடிக்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "கடைசியா அவர்கிட்ட எப்போ பேசினீங்க சிஸ்டர்?" என்றார்.

"இந்த மாசம்தான் பிரதர். வீட்டுக்கு வந்தான்."

"அப்படியா! நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

லவோன் அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். அறுபத்து மூன்று வயதில் அவள் வாயிலிருந்து வந்த பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"உள்ள வாடா, சாப்பிட்டுப் போன்னு சொன்னேன்," என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார். வில்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே ரொம்ப நேரம் தண்ணீர் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சர்ச்சில் இடமில்லை. செத்தால்தான் எங்கள் ஊருக்கு மன்னிக்க வரும். போதகர் ஹாலிஸ் நன்றாகவே பேசினார். தூரப் போன மகன் வீடு திரும்பியதையும், தாய் அவனைப் பார்த்து, "உள்ள வாடா, சாப்பிட்டுப் போ," என்று சொன்னதையும் அவர் சொன்னபோது குரல் உடைந்தது. பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஹார்ட்வேர் கடை ஆட்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள்தான், ஆனாலும் அழுதார்கள். பெட்டியைத் தூக்க வந்த ஆறு பேரில் ராய்ஸும் ஒருவர். முதல் வரிசையின் ஓரத்தில், சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறையில் எல்லாம் முடிந்து ஜனங்கள் வண்டிக்கு நடந்த பிறகு அவர் லவோன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் பொய் சொன்னேன்னு சொல்ல வந்தியா ராய்ஸ்?" என்றாள்.

"இல்லீங்க."

"அறிக்கையில இருக்கே. உன் கையெழுத்துல."

"இருக்குங்க."

அவள் புது மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மூணு தடவ வாயத் திறந்தேன்பா. மூணு தடவையும் உள்ள வாடான்னுதான் சொல்லப் பாத்தேன். வரல."